நட்டு 25 நாள்: இலைச்சுருட்டுக்கு இப்போதே மருந்தா?

மியான்மரின் பெகுவுக்கு அருகிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நான்கு ஏக்கரில் மனோதுக்கா நெல் நட்டு 25 நாள் ஆகிறது. இலைகள் சுருண்டு வெளுக்கின்றன. கடைக்காரர் உடனே மருந்து அடிக்கச் சொல்கிறார். பயிரே தாங்கிக்கொள்ளும் என்கிறார் என் தகப்பனார். யார் சொல்வது சரி?"

தகப்பனார் சொல்வதுதான் சரி, ஐயா. தூர் கட்டும், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும் பருவத்தில், இலைச்சுருட்டுப் புழு தின்ற இலையைப் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிவிடும். நட்ட முதல் 30 நாளில் இலை தின்னும் பூச்சிக்கு மருந்து வேண்டாம் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது.

நெல் இலையைத் தடவினால் கையை அறுக்கிறதல்லவா? மண்ணிலிருந்து வேர் உறிஞ்சிய சிலிக்காதான் அதற்குக் காரணம். வைக்கோலின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அது. தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சிப் புழுவின் தாடை அதைக் கடித்தே தேய்ந்துபோகிறது. புழு வாய் வைத்ததும் செடிக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் எச்சரிக்கைச் சுரப்பு பெருகி, புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்கள் இலையில் சேர்கின்றன. கூடவே ஒரு வாசனையும் காற்றில் கிளம்புகிறது. புகையான் என்னும் சிறு தத்துப்பூச்சி சாறு உறிஞ்சிய பயிரின் வாசனையைப் பிடித்துக்கொண்டு மிகச் சிறிய குளவிகள் தேடி வந்து, புகையானின் முட்டைக்குள்ளேயே தம் முட்டையை இடுகின்றன. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு வியப்புத் தீராத செய்தி இது.

இப்போது மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவியும் சிலந்தியும்தான். புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பத்து நாளுக்குள் பொரித்து, தடுக்க ஆளில்லாமல் பெருகும். இதைப் பட்டுத் தெரிந்துகொண்டுதான் இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது.

யூரியா எவ்வளவு போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து நின்றால் அடுத்த தவணையைக் குறையுங்கள். யூரியா மிஞ்சினால் தண்டும் இலையும் மென்மையாகிவிடும். பூச்சிக்கு அது விருந்து. சிலிக்கா மண்ணுக்குத் திரும்ப, அறுவடைக்குப் பின் வைக்கோலையும் உமிச்சாம்பலையும் வயலுக்கே திருப்புங்கள்.

நாளைக் காலை இருபது நெற்குத்துகளை விலக்கி, அடித்தண்டில் புகையான் இருக்கிறதா என்று பாருங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு (ஒரு தண்டுக்கு) ஒரு புகையான் எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால், மழை ஓய்ந்த நாளாகப் பார்த்து, முதலில் மூன்று நான்கு நாள் தண்ணீரை வடித்து வையுங்கள்.