கதை சொன்ன பையன் எங்கே, டீச்சர்?

கேள்வி: கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு ஊடகப் பாடத்துக்காக மாணவர்களை வைத்து ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். பன்னிரண்டு பேர், மூன்று கைபேசிகள். ஓணம் விடுமுறைக்கு முன் பெற்றோர் கூட்டத்தில் திரையிட வேண்டும். மூன்று வாரம்தான் இருக்கிறது. காற்றுச் சத்தத்தில் வசனம் கேட்கவில்லை, காட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கள் இறக்குபவர் ஒருவரின் மகனைப் பற்றிய கதை. ஒரு பையன் தன் அப்பாவைப் பற்றி வகுப்பில் சொன்னதுதான். உள்ளங்கை காய்த்துப்போனதால் அவர் புறங்கையால்தான் இவன் கன்னத்தைத் தொடுவாராம். கேட்க நன்றாக இருந்தாலும் அதில் கருத்து எதுவும் இல்லை. அதனால் அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பதாகவும் மகன் அவரைத் திருத்துவதாகவும் மாற்றினேன். அந்தப் பையன் இரண்டாம் நாளிலிருந்து படப்பிடிப்புக்கு வரவில்லை; வேறொருவனை வைத்துச் சமாளித்துவிட்டோம். இவர்களை எப்படி வழிநடத்திப் படத்தை முடிப்பது?

பதில்: காற்றை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இத்தனை அகலமான இடைவெளி வேறு இல்லை; ஆடிக்காற்று அதன் வழியாகத்தான் கோவைப் பக்கம் பாய்கிறது. தென்னந்தோப்பில் நின்றுகொண்டு தூரத்துக் கைபேசியில் வசனத்தைப் பதிவு செய்தால் ஓலைச் சத்தம்தான் கிடைக்கும். இரண்டாவது கைபேசியைப் பேசுபவரின் சட்டைப் பைக்குள் வைத்துக் குரலை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை பலமாகக் கை தட்டச் சொன்னால், அந்தத் தட்டலை அடையாளமாக வைத்துப் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்திவிடலாம். காட்சிகள் ஒட்டாததற்குக் காரணம், எதையும் யாரும் குறித்து வைக்காதது. கலயம் எந்தக் கையில் இருந்தது, வெயில் எந்தப் பக்கம் விழுந்தது என்று எழுத ஒரு நோட்டையும் கவனமான ஒரு மாணவியையும் ஒதுக்குங்கள். வசனம் முடிந்த பிறகும் ஐந்து விநாடி ஓடவிட்டு நிறுத்தட்டும். அந்த மிச்சம் இருந்தால்தான் வெட்டி ஒட்ட முடியும்.

இனி அந்தப் பையனுக்கு வருகிறேன். படப்பிடிப்பைப் பற்றி வரிவரியாக எழுதிவிட்டு, அவன் வராமல் போனதற்கு ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். அவன் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. ஏனென்றால் உங்களுக்கே தெரியும், டீச்சர்.

பதினாறு வயதுப் பையன் வகுப்பில் எழுந்து நின்று அப்பாவின் கையைப் பற்றிப் பேசுவது எளிதான காரியமா? அந்த வயதில் பிள்ளைகள் அப்பாவின் தொழிலைச் சொல்லவே தயங்குவார்கள். இவன் சொன்னான். உங்களை நம்பிச் சொன்னான். நீங்கள் அந்தக் கையை எடுத்து அடிக்கும் கையாக ஆக்கிவிட்டீர்கள். பெற்றோர் கூட்டத்தில் முன்வரிசையில் அந்த மனிதர் உட்கார்ந்திருப்பார். ஊரார் திரையைப் பார்த்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். நடித்தது வேறொரு பையன் என்பதால் யாருடைய வீட்டுக் கதை என்று தெரியாமல் போய்விடுமா?

கருத்து இல்லை என்கிறீர்கள். எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது. எங்கள் தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. எல்லையில் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி உங்கள் பக்கம் வந்தால், அதே தென்னையில் அதே பாளையைச் சீவுவது உரிமம் பெற்ற தொழில். அந்தத் தொழிலாளர்களுக்காகக் கேரளத்தில் 1969 ஆம் ஆண்டிலேயே சேமநல நிதிச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துக் கள் மற்ற மாவட்டங்களுக்கும் போகிறது. சில மைல் தூரத்தில் ஒரே வேலை ஒருவருக்குக் குற்றம், இன்னொருவருக்குச் சோறு. உங்கள் மாணவர்கள் அந்தக் கோட்டின் மேலேயே வாழ்கிறார்கள். இதைவிடப் பெரிய கருத்தை எங்கே போய்த் தேடினீர்கள்? கள் என்றதும் குடிகார அப்பா என்று தொலைக்காட்சி சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதிவிட்டீர்கள். விடியற்காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று நாள் தவறாமல் மரம் ஏறுபவர் அவர். நிதானம் தவறினால் உயிர் போய்விடும் தொழில் அது. பாளையைக் கயிறு சுற்றிக் கட்டி, தினமும் பக்குவமாகத் தட்டி, நுனியைத் தாள் கனத்துக்குச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் காய்த்த கை அது. மகனின் கன்னத்தைக் கீறிவிடுமோ என்று அதைத் திருப்பிக்கொள்கிறார்.

அந்தப் பையன் வீட்டில் அடி விழுவதாகவே உங்களிடம் சொல்லியிருந்தாலும், அது படம் எடுக்கும் விஷயமாக ஆகியிருக்காது. அப்போது நீங்கள் அழைக்க வேண்டியது 1098, குழந்தைகள் உதவி எண். அவன் அப்படி எதையும் சொல்லவில்லை. சொல்லாததை நீங்கள்தான் அவன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தீர்கள்.

பெற்ற தகப்பனின் மானத்தைக் காப்பது பிள்ளையின் கடமை என்று நம்புகிறவள் நான். பழைய காலத்து எண்ணம் என்று யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். உங்கள் பன்னிரண்டு பேரில் தன் கடமையைச் சரியாகச் செய்தவன், படப்பிடிப்புக்கு வராத அந்த ஒருவன்தான். அவனுக்கு மதிப்பெண் குறைத்துவிடாதீர்கள்.

இந்த வாரமே அவன் வீட்டுக்குப் போங்கள். காலையிலும் மாலையிலும் அவன் அப்பா மரத்தில் இருப்பார், மதியத்தில் போங்கள். மாணவர்களை அழைத்துப் போக வேண்டாம், கைபேசியைப் பையிலிருந்து எடுக்கவும் வேண்டாம். கதையை நான் மாற்றியது தவறு என்று பையனிடம் சொல்லுங்கள், அப்பாவின் காதில் விழும்படி சொல்லுங்கள். அவன் சொன்னபடியே எடுக்கலாமா என்று இருவரிடமும் கேளுங்கள். சம்மதித்தால் அவனே இயக்கட்டும். அந்தப் படத்துக்கு வசனமே தேவைப்படாது. காற்றுப் பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடும். மரத்தின் அடியிலிருந்து ஒரு காட்சி, திண்ணையில் ஒரு காட்சி, பிறகு அந்தக் கையை மட்டும் மிக அருகில், அசைக்காமல், பத்து விநாடி. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு நாள் வேலை.

வேண்டாம் என்று சொன்னால், டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். எடுத்த காட்சிகளை அவன் முன்னாலேயே மூன்று கைபேசிகளிலும் அழித்துவிடுங்கள். மீதி நாளில் பஸ் நிறுத்தத்தைப் பற்றியோ சோதனைச்சாவடியைப் பற்றியோ ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.