முதலில் எந்த விளையாட்டு? வாசகர் கேள்வி–பதில்

பெருந்தொற்று ஊரடங்குக்குப் பிறகு விளையாட்டுகளை மீண்டும் தொடங்குவது குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: ஊரடங்கு தளர்த்தப்படும்போது எந்த விளையாட்டுகளை முதலில் அனுமதிக்கலாம் என்று வரிசைப்படுத்திச் சொல்ல இயலுமா? 2020-இல் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக முடிவெடுத்ததைப் பார்த்தபோது, அதற்குப் பின்னால் ஏதேனும் கணக்கு இருந்ததா என்ற ஐயமே எழுந்தது.

பதில்: கணக்கு இருந்தது, ஆனால் அதில் மருத்துவத்தோடு ஒளிபரப்பு வருமானமும் கலந்திருந்தது. பெலாரஸில் கால்பந்து லீக் நிறுத்தப்படவே இல்லை. பிரான்சிலோ ஏப்ரல் இறுதியிலேயே அந்தப் பருவத்தை முடித்துக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் ஆடப்பட்டது ஒரே கால்பந்துதான்.

வருமானத்தை ஒதுக்கிவிட்டு நோயை மட்டும் கருதினால், விளையாட்டின் பெயரைக் கேட்பதற்கு முன் மூன்றைக் கேட்க வேண்டும்: ஆடும் இடத்தில் காற்று எப்படி, ஆடுபவர்கள் எவ்வளவு பலமாக மூச்சு விடுகிறார்கள், ஒருவருக்கொருவர் அருகில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள். கோவிட் போல மூச்சுக்காற்றின் வழியே பரவும் நோய்க்கு இவற்றுள் காற்றோட்டமே தலையாயது. பெருந்தொற்றுக் காலத்தில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், திறந்தவெளியைவிட மூடிய இடத்தில் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 18 மடங்கு அதிகம் என்று மதிப்பிட்டார்கள். அடுத்தது மூச்சு. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார்; பயிற்சி பெற்ற வீரர் முழு மூச்சாக ஓடும்போது அது 100 லிட்டரைத் தாண்டுகிறது. மூச்சோடு வெளியேறும் நுண்துளிகளும் அதற்கேற்பப் பெருகுகின்றன.

இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதைத் தென்கொரியாவின் சோனான் நகரத்து அனுபவம் காட்டியது. 2020 பிப்ரவரியில், உடற்பயிற்சி நடனம் கற்றுத்தரும் பயிற்றுநர்கள் சிலர் ஒரு பயிலரங்கில் கூடிவிட்டு, நோய்த்தொற்றை அறியாமலே தத்தம் வகுப்புகளுக்குத் திரும்பினார்கள். 12 கூடங்களோடு தொடர்புடைய 112 பேருக்கு நோய் கண்டது. ஆனால் தொற்று இருந்த ஒரு பயிற்றுநர் எடுத்த பிலாட்டிஸ், யோகா வகுப்புகளில் யாருக்கும் தொற்றவில்லை. ஐந்து பேருக்கும் குறைவாக இருந்த நடன வகுப்புகளிலும் தொற்றவில்லை. மூச்சிரைப்பும் ஆள் நெருக்கமும் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

இனி வரிசைக்கு வருகிறேன். தனியாகச் செய்யும் நடை, ஓட்டம், சைக்கிள், ஒற்றைத் துடுப்புப் படகு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே அனுமதிக்கலாம்; சொல்லப்போனால் இவற்றைத் தடுத்திருக்கவே தேவையில்லை என்பது என் கருத்து. அவற்றை அடுத்து கோல்ஃப், தூண்டில் மீன்பிடிப்பு, வில்வித்தை, டென்னிஸ் ஒற்றையர் ஆட்டம். இங்கிலாந்து 2020 மே 13 அன்று முதல் தளர்வாக கோல்ஃப், டென்னிஸ், மீன்பிடிப்பு ஆகியவற்றைத் திறந்துவிட்டது பொருத்தமான முடிவு. பிறகு தடகளம், கிரிக்கெட், பேஸ்பால் என, திறந்தவெளியில் வீரர்கள் பரவி நின்று ஆடுபவை. அவற்றின் பின்னே கால்பந்து, ஹாக்கி. இறகுப்பந்து, மேசைப்பந்து போன்ற உள்ளரங்க ஆட்டங்களைக் கதவு சன்னல்களைத் திறந்துவைத்து, ஆட்களைக் குறைத்த பிறகே தொடங்கலாம். உள்ளரங்கக் கூடைப்பந்தும் கூட்டமான உடற்பயிற்சிக் கூடங்களும் அதற்கும் பிந்தியவை. மல்யுத்தம், ஜூடோ, குத்துச்சண்டை, கபடி ஆகியவை கடைசியில்.

இந்த வரிசையில் ஸ்குவாஷை மட்டும் தனியே சொல்ல வேண்டும். இரண்டே பேர் ஆடுகிறார்கள், ஒருவரை ஒருவர் தொடுவதில்லை என்பதால் டென்னிஸோடு அதையும் சேர்த்து முன்வரிசையில் வைக்கத் தோன்றும். ஆனால் நான்கு சுவருக்குள் இருவர் மூச்சிரைக்க ஓடும் ஆட்டம் அது. ஸ்லோவேனியாவில், தொற்று இருந்தவர் ஆடிவிட்டுப் போன பிறகு அதே கூடத்தில் ஆடியவர்களுக்கும் நோய் கண்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் ஸ்குவாஷைக் கால்பந்துக்குப் பின்னால்தான் வைப்பேன்.

கேள்வி: உடலோடு உடல் மோதும் கால்பந்தும் ரக்பியும் எப்படிப் பாதுகாப்பாக நடந்தன? இரண்டு மீட்டர் இடைவெளி என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு, களத்தில் அவர்கள் மோதிக்கொள்வதைத் தொலைக்காட்சியில் காட்டியது முரண் அல்லவா?

பதில்: பார்ப்பதற்கு முரண்தான். ஆனால் களத்தில் இரண்டு வீரர்கள் நெருங்கியிருக்கும் நேரம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் குறைவு. மோதல் சில விநாடிகளில் முடிகிறது, மேலே திறந்த வானம் இருக்கிறது. 2020-இல் இங்கிலாந்தின் ரக்பி லீக் போட்டிகளை ஆராய்ந்தவர்கள், தங்களுக்குத் தொற்று இருப்பதை அறியாமல் எட்டு வீரர்கள் நான்கு ஆட்டங்களில் ஆடியதைக் கண்டறிந்து, காணொளியையும் உடலில் பொருத்திய கருவிகளின் பதிவுகளையும் கொண்டு, அவர்களை நெருங்கிய 28 பேரை அடையாளம் கண்டார்கள். ஆட்டத்தின் மூலம் அவர்களுள் எவருக்கும் தொற்றியதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்வு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்தது. 2020 ஜூன் 16 அன்று, டாம்பா பகுதியின் மூடிய பனித்தளம் ஒன்றில் பொழுதுபோக்கு ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்று. மொத்தம் 22 வீரர்கள். ஒருவருக்குத் தொற்று இருந்தது. சில நாட்களில் மற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ரக்பியில் இருந்த அளவு மோதல் அங்கே இல்லை; காற்றுதான் வேறு.

எனவே அஞ்ச வேண்டியது களத்தைவிட அதைச் சுற்றியுள்ளவற்றைத்தான்: உடைமாற்றும் அறை, அணிப் பேருந்து, ஒன்றாக உண்ணும் மேசை, காணொளி பார்த்து உத்தி வகுக்கும் சிறிய அறை, ஆட்டம் முடிந்ததும் ஒரே காரில் நால்வராகத் திரும்புவது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். தன் பருவத்தில் நேர்ந்த தொற்றுகளை ஆராய்ந்தபோதும், உணவு, பயணம், கூட்டங்கள் ஆகியவையே குற்றவாளிகளாக நின்றன. ஜெர்மனியின் கால்பந்து லீக்கான புன்டஸ்லிகா 2020 மே 16 அன்று பெரிய ஐரோப்பிய லீக்குகளில் முதலாவதாகத் திரும்பியபோது, பார்வையாளர்களை விலக்கியது. வீரர்களைத் தொடர்ந்து பரிசோதித்தது. மாற்று வீரர்களை முகக்கவசத்துடன் இடம்விட்டு அமரச் செய்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் இரண்டாம் நிலைப் பிரிவின் டிரெஸ்டன் அணி முழுவதும் 14 நாட்கள் தனிமைப்படுத்தப்பட்டு, அதன் ஆட்டம் தள்ளிப்போனது. அப்படித் தள்ளிவைக்க ஏற்பாடு இருந்ததனால்தான் மற்ற ஆட்டங்கள் நடந்தன.

உள்ளரங்க ஆட்டமான கூடைப்பந்தும் 2020 ஜூலை 30 முதல் அக்டோபர் 11 வரை ஓர்லாண்டோ அருகே ஒரே வளாகத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 22 அணிகளை அடைத்துவைத்து நடத்தப்பட்டது என்பதைச் சிலர் எதிர்வாதமாகச் சொல்வதுண்டு. அங்கே ஆட்டம் பாதுகாப்பாக மாறிவிடவில்லை. வெளியாட்கள் வர முடியாத அந்தப் பாதுகாப்பு வளையத்துக்குள் நோய் நுழையவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் செலவைத் தாங்கக்கூடிய மாவட்டச் சங்கம் எதுவும் உலகில் இருக்க முடியாது.

கேள்வி: கிரிக்கெட்டில் பந்தின் மேல் எச்சில் தடவக் கூடாது என்று தடை வந்தது. அந்தத் தடைக்கு உண்மையிலேயே பயன் இருந்ததா?

பதில்: தடை செய்ததில் தவறில்லை. சர்வதேசக் கிரிக்கெட் அமைப்பான ஐ.சி.சி. 2020 ஜூனில் எச்சிலைத் தற்காலிகமாகத் தடை செய்தது; 2022 அக்டோபரில் அந்தத் தடையை நிரந்தரமாக்கியது. வியர்வைக்குத் தடை இல்லை. ஆயினும் பொருள்களின் பரப்பு வழியாக இந்நோய் பரவுவது, மூச்சுக்காற்றின் வழியே பரவுவதைவிட மிகவும் குறைவு என்பது பின்னர் தெளிவாயிற்று; ஆகவே பந்தின் மீது செலுத்தப்பட்ட கவனம் அதன் தகுதிக்கு மிஞ்சியது என்றே நினைக்கிறேன்.

2020 ஜூலை 8 அன்று சவுதாம்ப்டனில் இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்ட் ஆட்டத்துடன் சர்வதேசக் கிரிக்கெட் திரும்பியது. அந்தத் தொடரின் இரண்டாவது டெஸ்டிலிருந்து இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சர் விலக்கப்பட்டதற்கும் பந்து காரணமல்ல. இரண்டு மைதானங்களுக்கு இடையிலான பயணத்தில் விதியை மீறித் தம் வீட்டுக்குச் சென்று வந்ததே காரணம். 2021 ஐ.பி.எல். தொடர் மே 4 அன்று பாதியில் நிறுத்தப்பட்டதும், பாதுகாப்பு வளையத்துக்குள்ளேயே தொற்று நுழைந்துவிட்டதால்தான். மைதானத்தில் பதினொருவரும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும் ஆட்டம் அது. விடுதியிலும் பேருந்திலும் அவர்கள் அப்படி நிற்பதில்லை.

கேள்வி: நீச்சல் குளத்துத் தண்ணீர் மூலம் தொற்று பரவுமா?

பதில்: குளோரின் அளவு முறையாகப் பேணப்படும் நீரில் இந்த வைரஸ் செயலிழந்துவிடும். நீந்துபவர்கள் கூட்டமாகக் குளத்தின் விளிம்பில் நின்று பேசுவதும், ஈரமான, காற்றோட்டமற்ற உடைமாற்றும் அறையில் நெருங்கி நிற்பதுமே ஆபத்து. திறந்தவெளிக் குளத்தை முன்னதாகவும் உள்ளரங்கக் குளத்தைப் பிறகும் திறக்கலாம். வீட்டிலேயே நீச்சலுடை அணிந்து வந்து, நீந்தி முடித்த கையோடு கிளம்பிவிடுவது நல்லது.

கேள்வி: நான் மாணவர்களுக்குக் கபடியும் மல்யுத்தமும் பயிற்றுவிக்கிறேன். எங்கள் விளையாட்டு கடைசி வரிசையில்தான் வரும் என்றால், அதுவரை பிள்ளைகள் என்ன செய்வது?

பதில்: தங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் வரிசையை மாற்ற வழியில்லை. மல்யுத்தத்தில் முகத்தோடு முகம் ஒட்டியபடி நிமிடக்கணக்கில் பிடி தொடர்கிறது. கபடியிலோ பாடிச் செல்பவர் மூச்சை உள்ளே இழுக்காமல் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எதிரணியின் நடுவே புகுகிறார். அவரை மடக்க ஏழு பேர் பாய்கிறார்கள். தொற்றைப் பரப்புவதற்கென்றே யாரோ விதி எழுதியதுபோல் இருக்கிறது. எனினும் பயிற்சி வேறு, ஆட்டம் வேறு. கால்வேகம், பாய்ச்சல், உடல் வலிமை, பாட்டு இல்லாத தொடுபயிற்சி ஆகியவற்றைத் திறந்தவெளியில் இடைவெளி விட்டுச் செய்யலாம். அடுத்த கட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் மாறாத ஒரே இணையை ஒதுக்கிப் பிடிப்பயிற்சி தரலாம். ஒருவருக்கு நோய் வந்தால் இருவரை மட்டும் நிறுத்தினால் போதும். இணையை நாள்தோறும் மாற்றினால் ஒரே வாரத்தில் வகுப்பு முழுவதும் ஒரு சங்கிலியாகிவிடும். முகக்கவசம் அணிந்து கடும் பயிற்சி செய்யச் சொல்ல வேண்டாம். வியர்வையில் நனைந்த கவசம் மூச்சைத் தடுக்கும் என்பதால் உலகச் சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைக்கவில்லை. பயிற்றுவிக்கும் தாங்கள் அணியலாம். உரக்கக் கத்துவதற்குப் பதில் விசில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் ஊதுவதுதான். மின் விசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: திறந்தவெளி பாதுகாப்பானது என்றால் பார்வையாளர்களையும் உடனே அனுமதிக்கலாமே?

பதில்: 2020 பிப்ரவரி 19 அன்று இத்தாலியின் மிலான் நகரிலுள்ள சான் சிரோ மைதானத்தில் பெர்காமோவின் கால்பந்து அணியான அட்லாண்டா, ஸ்பெயினின் வலென்சியாவுடன் ஆடியது. அருகிலுள்ள பெர்காமோ பகுதியிலிருந்து ஏறத்தாழ 40,000 ரசிகர்கள் திரண்டு சென்றார்கள். சில வாரங்களில் இத்தாலியிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாக பெர்காமோ ஆனது. அந்த ஓர் ஆட்டம் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆயினும் நோய் வேகமாகப் பரவ அது உதவியிருக்கக்கூடும் என்று அந்நாட்டு மருத்துவர்களே கருதினார்கள். ரயிலிலும் பேருந்திலும் உணவகத்திலும் நெருங்கி, இருக்கையில் தோளோடு தோள் உரசி, இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கு மேலே வானம் திறந்திருப்பதால் கிடைக்கும் பயன் குறைவு. அதே ஆண்டு ஜூனில் பெல்கிரேடிலும் ஸடாரிலும் ரசிகர்கள் சூழ நடந்த டென்னிஸ் கண்காட்சித் தொடரில் நோவாக் ஜோகோவிச் உட்பட நான்கு வீரர்களுக்குத் தொற்று உறுதியானது. டென்னிஸ் என் வரிசையில் முன்னால் நிற்கும் ஆட்டம்தான். விருந்தும் கொண்டாட்டமும் அந்த வரிசையில் இல்லை.

கேள்வி: எனக்கு வயது 41. தொற்றிலிருந்து மீண்டு இரண்டு வாரம் ஆகிறது. மாரத்தான் பயிற்சியை உடனே தொடங்கலாமா?

பதில்: உடனே பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டாம். இந்த வைரஸ் சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்குகிறது. அந்நிலையில் கடுமையாக ஓடுவது இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நோய் தோன்றிய நாளிலிருந்து குறைந்தது 10 நாள் ஓய்வு, அதில் கடைசி 7 நாட்களேனும் எந்த அறிகுறியும் இல்லாதிருத்தல், அதன் பிறகே படிப்படியான பயிற்சி என்பது 2020-இல் விளையாட்டு மருத்துவர்கள் வகுத்த நடைமுறை. தங்களுக்கு நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்க்காமல் ஓட வேண்டாம்.

நோயே வராதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2011-இல் சம்பளத் தகராறில் என்.எஃப்.எல். வீரர்கள் மாதக்கணக்கில் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைய முடியாமல் இருந்தார்கள். திரும்பி வந்த முதல் 12 நாட்களிலேயே 10 பேருக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. வீட்டில் முடங்கியிருந்த காலத்தில் மூச்சு மட்டுமல்ல, தசைநாரும் தளர்ந்துவிடுகிறது. அது மெல்லத்தான் வலுப்பெறும். எனவே முதல் வாரம் நடை மட்டும். அடுத்த வாரம் நடையும் மெல்லோட்டமும் மாறி மாறி. அதன் பிறகு முன்பு ஓடிய தொலைவில் பாதியிலிருந்து தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்லுங்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் வலித்தால் அன்று ஓட வேண்டாம்.