தட்டிப் பார்த்தீர்களா? தரை பற்றிய கேள்வி-பதில்

தீபாவளிக்கு முன் வீட்டைப் புதுப்பிக்கும் நேரம் இது. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தாமான்களிலிருந்தும் (வீடமைப்புப் பகுதிகள்) தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தரை விவகாரம்தான். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஹாலுக்கும் கார் போர்ச்சுக்கும் ஒரே பளபளப்பான 60க்கு 60 சென்டிமீட்டர் போர்சலின் டைல்ஸ் போட்டோம். போன வாரம் மழைச்சாரலில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். மேலே ஏதாவது பூசினால் சரியாகுமா?
– ஒரு மகள்

பதில்: அம்மாவுக்குச் சீக்கிரம் குணமாகட்டும். ஹாலில் கை வைக்க வேண்டாம், காய்ந்த தரையில் பளபளப்பால் தொல்லையில்லை. போர்ச்தான் ஆபத்து.

வழுக்கலை எவ்வளவு தாங்கும் என்பதை ஆர்9 முதல் ஆர்13 வரை குறிப்பார்கள். ஆர்9தான் ஆகக் கீழ்ப்படி, அதிகம் வழுக்குவது. சாரல் அடிக்கும் போர்ச்சுக்கு ஆர்11 கேளுங்கள். இந்த ஆர் எண், எண்ணெய் தடவிய சரிவில் காலணியோடு நடக்கவிட்டுச் சோதித்துக் கொடுப்பது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வரிசை உண்டு, அதில் சிதான் உயர்ந்தது. குளியலறைக்கு பி போதும். பெட்டியில் இரண்டுமே அச்சிடவில்லையென்றால் மாதிரித் துண்டைக் கடைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றி ஈரக்காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

நீங்கள் கேட்கும் வழுக்கா மருந்து பெரும்பாலும் அமிலக் கலவைதான். டைல்ஸின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அரித்துக் குழியாக்கும். பளபளப்பு மங்கும், அந்தக் குழிகளில் அழுக்கு சேரும், நடந்து தேய்ந்ததும் மறுபடி பூச வேண்டும். இப்போதைக்கு அதைச் செய்யுங்கள், முதலில் மூலையில் ஒரு டைல்ஸில் மட்டும். பிறகு கையில் காசு சேர்ந்ததும், பழைய டைல்ஸ் ஆடாமல் கெட்டியாக இருந்தால் அதன் மேலேயே சொரசொரப்பானதை ஒட்டலாம். டைல்ஸ் 10 மில்லிமீட்டர், பசை 5 மில்லிமீட்டர், ஆக 15 மில்லிமீட்டர் தரை உயரும். வெளி கேட்டும் வாசல் கதவும் தட்டாமல் திறக்குமா என்று அளந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சமையலறைக்கு லேமினேட் போடலாமா? விலை குறைவாக இருக்கிறது.

பதில்: வேண்டாம். உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள். அரிசி கழுவிய தண்ணீர் இணைப்பில் இறங்கினால் ஓரம் உப்பும், உப்பியது திரும்ப அமுங்காது.

கேள்வி: ஹாலும் இரண்டு அறைகளும் டைல்ஸ் மாற்ற ஒரு குத்தகையாளரிடம் 9,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். எட்டாவது மாதம் ஒரு மத்தியானம் 'டப்' என்று வெடிச்சத்தம். ஹால் நடுவில் இரண்டு வரிசை டைல்ஸ் கூரைபோல மேலெழும்பி நின்றது. கூப்பிட்டால், "மண்ணு இறங்கிருச்சு, நான் என்ன செய்ய?" என்கிறார். இப்போது போனையும் எடுப்பதில்லை.
– ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர்

பதில்: ஐயா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மண் இறங்கினால் தரை தாழும் அல்லது விரிசல் ஓடும். டைல்ஸ் தலைகீழ் 'வி' போல எழும்புவதற்குக் காரணம் வேறு. நிமிர்ந்து நிற்கும் டைல்ஸில் ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நாலு மூலைக்கு நாலு சிமெண்டு உருண்டை, நடுவில் ஒன்று, மீதி இடம் கடையிலிருந்து வந்தபடியே சுத்தமாக இருக்கிறதா? இருந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள். உங்கள் வழக்கே அதுதான்.

இந்த உருண்டை வேலையை எங்கே கண்டாலும் எனக்குக் கோபம் வரும். அந்தக் காலச் செராமிக் தண்ணீர் குடிக்கும். ஊறவைத்துச் சிமெண்டுப் பாலில் பதித்தால் சிமெண்டு அதன் துளைகளுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். போர்சலின் தன் எடையில் அரை விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் குடிக்காது. வெறும் சிமெண்டுக்குப் பிடிக்க அதில் இடமே இல்லை. அதற்கென்று பாலிமர் கலந்த பசை இருக்கிறது, பையில் சி2 என்று போட்டிருக்கும். அதைப் பல் கரண்டியால் ஒரே திசையில் வரிவரியாக இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி, அழுத்தி ஆட்டி உட்கார வைக்க வேண்டும். காய்ந்த அறையில் அடிப்பக்கத்தில் குறைந்தது 80 விழுக்காடு பசை பட வேண்டும். ஈரமான இடத்திலும் வெளியிலும் 95. உருண்டை வைத்தால் பாதி வெற்றிடம்தான். ஆனால் வேலை சீக்கிரம் முடியும், மேடு பள்ளத்தைச் சமன் செய்யாமலேயே மட்டம் வந்துவிடும். அதனால்தான் வைக்கிறார்கள்.

காரணத்தின் இன்னொரு பாதி, இடைவெளி. கான்கிரீட் காயக் காயச் சுருங்கும். டைல்ஸ் அப்படிச் சுருங்காது, சூட்டில் கொஞ்சம் விரியவும் செய்யும். சுவரோடு சுவராக முட்டுக்கொடுத்து, டைல்ஸுக்கு டைல்ஸ் மயிரிழைகூட விடாமல் நெருக்கியிருந்தால் அந்த அழுத்தம் போக வழியில்லை. பசை பிடிக்காத இடமாகப் பார்த்து எழும்பும். சுவர் ஓரம் முழுக்க 5, 6 மில்லிமீட்டர் விட்டு சுவரடிப் பட்டையால் (ஸ்கர்ட்டிங்) மூட வேண்டும், அந்தச் சந்தில் சிமெண்டு போகக் கூடாது. டைல்ஸுக்கிடையே ஓரம் அறுத்துச் சீராக்கிய ரகத்துக்கு 2 மில்லிமீட்டர், மற்றதற்கு 3. "கோடு தெரியாமல் ஒட்டிப் போடுங்க, அழகா இருக்கும்" என்று கேட்கிற வீட்டுக்காரர்களும் இதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஒரு 50 காசை விரலிடுக்கில் பிடித்து வீடு முழுக்க, ஒவ்வொரு டைல்ஸிலும் நாலு மூலையும் நடுவும் தட்டுங்கள். கெட்டியானது 'டிக்' என்னும், பொள்ளல் 'டொக்' என்னும். பொள்ளலில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுப் படமெடுங்கள். இத்தனை நாளில் பழுது பார்க்க வேண்டும் என்று தேதி குறித்து அவருக்குக் கடிதமும் வாட்ஸ்அப்பும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, கூலி வாங்கிச் செய்யும் வேலையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் இருக்க வேண்டும். 1ஆம் பாரம் (படிவம்), கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், பிரச்சினை எழுந்த மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். வக்கீல் வைக்க முடியாது, அவரும் வைக்க முடியாது. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் விட்டால் அது குற்றம். ரசீதில் இருக்கிற நிறுவனப் பெயர்தான் பாரத்தில் வர வேண்டும். ரசீதே தரவில்லையென்றால் பணம் அனுப்பிய வங்கிப் பதிவை அச்செடுங்கள்.

மற்றவர்களுக்கு: கடைசி 10 விழுக்காட்டுப் பணத்தை, தட்டிப் பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே எழுதி வாங்குங்கள். முதல் நாள் வேலையில் ஈரம் காயுமுன் ஏதாவது ஒரு டைல்ஸைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: மலிவு விற்பனையில் 15 பெட்டி டைல்ஸ் எடுத்தேன். ஹால் 20க்கு 12 அடி. கடைசி வரிசைக்குப் பற்றவில்லை. திரும்பப் போய் வாங்கியது நிறத்தில் வேறாக இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். புகார் செய்யலாமா?

பதில்: யார் மேல்? உங்கள் ஹால் 240 சதுர அடி. 60க்கு 60 டைல்ஸ் பெட்டிக்கு நாலு வரும், அது 15.5 சதுர அடி. பதினைந்து பெட்டி 232.5 சதுர அடிதான். ஒன்றுகூட உடையாமல், ஒன்றைக்கூட வெட்டாமல் போட்டிருந்தாலும் பற்றியிருக்காது. வெட்டுக்கும் உடைசலுக்கும் 10 விழுக்காடு சேர்த்தால் 264, அதாவது 18 பெட்டி. மூலைவாட்டில் போடுவதென்றால் 15 விழுக்காடு சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் நிற எண், அளவு எண் என்று இரண்டு முத்திரை இருக்கும். ஒவ்வொரு முறை சூளையில் வேகும்போதும் நிறமும் அளவும் கொஞ்சம் மாறும். எல்லாப் பெட்டியிலும் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று லோரியிலிருந்து இறக்கும்போதே பார்க்க வேண்டும். முதலில் வாங்கிய பெட்டியின் எண்களை வைத்து வேறு கடையில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், சோபாவோ டிவி அலமாரியோ மறைக்கும் பக்கம் நிறம் மாறியதைப் போடுங்கள். கடைக்காரரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: தோட்டத்துப் பழைய லயன் வீடு. தரை சிவப்புச் சிமெண்டு, மழைக்காலத்தில் வேர்க்கும். எஸ்பிசி போட்டால் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்கிறார்கள். சதுர அடிக்கு எவ்வளவு சொன்னாலும் தரலாமா?
– ஒரு அக்கா

பதில்: "எவ்வளவு சொன்னாலும்" என்ற வார்த்தையைக் கடையில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் அக்கா.

எஸ்பிசி என்பது சுண்ணாம்புக்கல் மாவும் பிவிசியும் சேர்ந்த பலகை. அது தண்ணீரில் ஊறாது, உண்மைதான். ஆனால் உங்கள் தண்ணீர் மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா? பழைய லயத்துத் தரைகளில் மண்ணுக்கும் சிமெண்டுக்கும் இடையே பிளாஸ்டிக் விரிப்பு பெரும்பாலும் இருக்காது. மண் ஈரம் நேராக மேலேறும். பலகை போட்டு மூடினால் அடியில் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், அறை ஈரத்துணி வாடை அடிக்கும். கரையான் பலகையைத் தின்னாது, அதன் அடியில் மண் பாதை போட்டுக் கதவு நிலைக்குப் போய்விடும்.

முதலில் சோதியுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டிப் பிளாஸ்டிக்கை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். எடுக்கும்போது பிளாஸ்டிக்கின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் வேர்த்தால் அது காற்றின் ஈரம், சன்னலும் விசிறியும் போதும். இந்தச் சோதனை செய்யாமல் 2 மில்லிமீட்டர் ஒட்டு வினைல் (பசையில் ஒட்டும் பிளாஸ்டிக் தரை) வாங்கியவன் நான். ஆறே மாதத்தில் ஓரமெல்லாம் வாழைத்தோல் மாதிரி சுருண்டது.

கீழ் ஈரம் என்றால் டைல்ஸ்தான் உங்களுக்கு நல்லது, அல்லது அந்தச் சிவப்புத் தரையையே பழுது பார்த்து மெழுகிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தரை என்றால் எஸ்பிசி போடலாம்: கனம் 5 மில்லிமீட்டர், மேலே தேயும் படலம் 0.5, சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு மீட்டர் நீளக் கட்டையைத் தரையில் வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருக்கக் கூடாது. இருந்தால் நடக்க நடக்கப் பலகைகளை இணைக்கும் பூட்டு உடையும். சாமி அறையில் மட்டும் வேண்டாம். சாம்பிராணித் தணல் ஒன்று விழுந்தால் வட்டமாகக் கருகி அப்படியே நிற்கும்.

கேள்வி: புது டெவலப்பர் வீடு, சாவி வாங்கி ஐந்து மாதம். அறையில் ஆறு டைல்ஸ் 'டொக்' என்கிறது. நாமே மாற்றிவிடலாமா?

பதில்: கூடாது. சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம் டெவலப்பரின் பொறுப்பு. எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். நீங்கள் கை வைத்தால் "உங்கள் ஆள் கெடுத்தது" என்பார்கள்.

கேள்வி: தரைக்கு மரப்பலகை பார்த்தோம். 'ஹெவியா' என்ற வெளிநாட்டு உயர்ரக மரம், 'மலேசியன் ஓக்' என்றும் சொல்வார்களாம். நம்பலாமா?
– புதுமணத் தம்பதி

பதில்: தம்பி, உங்கள் தாத்தா விடியற்காலையில் பால் வெட்டிய மரம்தான் அது. ஹெவியா பிரேசிலியென்சிஸ் என்பது ரப்பர் மரத்தின் தாவரப் பெயர். பிறந்த ஊர் பிரேசில் என்பதால் 'வெளிநாட்டு' என்பது மட்டும் பாதி உண்மை. 'மலேசியன் ஓக்' வியாபாரப் பெயர், ஓக்குக்கும் அதற்கும் உறவே கிடையாது.

மரம் மோசமில்லை, மேசை நாற்காலிக்கு அருமையானது. ஆனால் மாவுச்சத்து அதிகம், வண்டுக்கும் நீலப் பூஞ்சைக்கும் பிடித்த தீனி. வெட்டிய சில நாளிலேயே போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தியிருக்க வேண்டும். அதற்கான தாளைக் கேளுங்கள். பலகையில் குண்டூசித் துளையும் அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் வாங்காதீர்கள். ஓக் விலையும் கொடுக்காதீர்கள்.

உண்மையான உள்ளூர் உயர்ரகம் வேண்டுமென்றால் மெர்பாவ் கேளுங்கள். அதிலும் ஒரு தொல்லை: நனைந்தால் சிவப்புச் சாயம் விடும், பக்கத்து வெள்ளைச் சுவரும் சிமெண்டும் கறைபடும். வீட்டுக்குள் மட்டும் போடுங்கள்.

கேள்வி: மாடிக் குளியலறையிலிருந்து கீழே ஒழுகுகிறது. பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டினால் நிற்குமா?

பதில்: டைல்ஸ் நிற்கும், ஒழுகலும் நிற்காமல் ஒழுகும். தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் இருக்கிற நீர்த்தடுப்புப் பூச்சு. எல்லாவற்றையும் உடைத்து, மூலைகளிலும் குழாய் வாயிலும் வலைத்துணி வைத்துப் பூசி, சுவரிலும் ஓர் அடி ஏற்ற வேண்டும். காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுக் கீழே போய்ப் பாருங்கள். சொட்டவில்லையென்றால்தான் டைல்ஸ். வடிகால் பக்கம் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இருக்கட்டும்.

கேள்வி: வெள்ளை டைல்ஸ் இணைப்பில் கோலக் கலரும் மஞ்சளும் ஏறிவிட்டது. போகுமா?

பதில்: மஞ்சள் வெயிலில் மங்கும், கோலக் கலர் போகாது. அந்தக் கோடுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு எபோக்ஸி இணைப்பு போடுங்கள், சாம்பல் நிறத்தில்.