பரணில் இருந்த ட்ரெக்கிங் ஷூ அடி பிளந்ததற்கு

மறுபடி ஒட்ட வேண்டாம், பெரும்பாலும் நிற்காது. நாலு வருடம் பெட்டியிலேயே இருந்த ஷூ, பெங்களூர் பக்கத்துச் சாவனதுர்கா மலைப் பாறையில் ஏறும்போது அடி தனியே கழன்றுவிட்டது, எந்தப் பசை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பசை பிடிக்க வேண்டிய இடமே பொடியாகியிருந்தால் எந்தப் பசையும் உதவாது.

கனமான ட்ரெக்கிங் ஷூக்கள் பலவற்றில் மேல்பாகத்துக்கும் ரப்பர் அடிக்கும் நடுவே பாலியூரித்தேன் என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் நுரை அடுக்கு இருக்கும். காற்றில் உள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். போடாமல் பத்திரப்படுத்திய ஷூதான் முதலில் போகும், அநியாயம்தான். வெளியே பார்த்தால் புத்தம் புதுசு போலவே இருக்கும்.

பிளந்த இடத்தில் அந்த நடு அடுக்கை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ரஸ்க் மாதிரி உதிர்ந்தாலோ விரலில் பிசுபிசுத்தாலோ கதை முடிந்தது. அமுக்கினால் மீண்டு எழும்பினால் பசை மட்டும்தான் விட்டிருக்கிறது. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டிச் சுற்றித் தைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இன்னொரு காலில் உள்ளதும் அதே வயசுதான். அதையும் சுரண்டிப் பார்க்காமல் செங்குத்துப் பாறைப் பக்கம் போகாதீர்கள்.

அப்புறம், புதுசு வாங்கும்போது பெங்களூர் கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைகளின் தள்ளுபடியில் மயங்காமல் பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு மாதம், வருடத்தைப் பாருங்கள். பழைய சரக்கென்றால் கடையிலேயே பாதி ஆயுள் போயிருக்கும்.