தீவிர சிகிச்சையில் நோயாளி கொந்தளிக்கும்போது எந்த மருந்து, எப்போது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வென்டிலேட்டரில் இருந்த என் தந்தை குழாய்களைப் பிடுங்க முயன்றுகொண்டே இருந்தார். மருத்துவர்களோ உடனே தூக்க ஊசி போடாமல் ஏதேதோ சோதித்துக்கொண்டிருந்தார்கள். அது தாமதம் இல்லையா?

பதில்: இல்லை, அவர்கள் செய்ததுதான் முறையான மருத்துவம். தீவிர சிகிச்சையில் இருப்பவர் கைகாலை உதறுவதற்கும் எழுந்து உட்காரத் துடிப்பதற்கும் பெரும்பாலும் உடல் சார்ந்த காரணம் ஒன்று இருக்கும்: வலி, ஆக்சிஜன் குறைவு, சர்க்கரை தாழ்ந்துபோதல், காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, அல்லது வென்டிலேட்டர் தரும் மூச்சும் அவருடைய மூச்சும் ஒத்துப்போகாமை. ஓர் இரவுப் பணியில், வயிற்றில் தையலோடு கட்டிலில் புரண்டுகொண்டிருந்த முதியவருக்குத் தூக்க மருந்தைக் கூட்டலாமா என்று செவிலியர் கேட்டபோது, போர்வையை விலக்கிப் பார்த்தேன். சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மடிந்து கிடந்தது. பை காலியாக இருந்தது. மடிப்பை எடுத்துவிட்டதும் பை நிறையத் தொடங்கியது, சற்று நேரத்தில் அவரும் அடங்கிப் படுத்தார். அன்று மருந்தைக் கூட்டியிருந்தால், அவருடைய வேதனை அப்படியே இருக்க, அதைக் காட்டும் வழியை மட்டும் அடைத்திருப்போம். மூச்சுக் குழாயே பிடுங்கப்படும் ஆபத்து நெருங்கினால் மருந்துக்குத் தயங்க மாட்டோம். அப்போதும் முதலில் ஃபென்டனில் போன்ற வலி மருந்து, அது போதாதபோதே தூக்க மருந்து.

கேள்வி: பால் போல வெள்ளையாக ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. அது உணவா?

பதில்: அது பெரும்பாலும் புரோபோஃபால் என்ற தூக்க மருந்தாக இருக்கும். எண்ணெய்க் குழம்பில் கலந்து தரப்படுவதால் அந்த நிறம், மி.லி.க்கு 1.1 கலோரி இருப்பதால் உணவுக் கணக்கிலும் அதைச் சேர்க்கிறோம். நிறுத்தினால் விரைவில் விழிப்பு வரும் என்பது அதன் பலம், ரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவது அதன் குறை.

கேள்வி: மனக்குழப்பத்தில் பிதற்றுபவருக்கு ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் குழப்பம் தீருமா?

பதில்: தீரும் என்றுதான் நாங்களும் பல ஆண்டுகள் நம்பினோம். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குழப்பத்திலிருந்த 566 பேருக்கு ஹாலோபெரிடால், அதே வகையைச் சேர்ந்த சிப்ராசிடோன், ஒப்பீட்டுக்கான வெற்று மருந்து ஆகியவற்றில் ஒன்று தரப்பட்டது. குழப்பமின்றிக் கழிந்த நாட்களில் வேறுபாடு தெரியவில்லை. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கொந்தளிக்காமல் சோர்ந்து கிடந்தவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2022இல் வெளியான, ஆயிரம் பேரைச் சேர்த்த ஐரோப்பிய ஆய்விலும், 90 நாட்களில் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்கள் தெளிவாகக் கூடவில்லை. ஆகவே எல்லோருக்கும் வழக்கமாக எழுதித் தரும் மருந்தாக அது இருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் அளவுக்குக் கொந்தளிப்பவருக்குக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, இசிஜியில் க்யூடி இடைவெளியை (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் சுருங்கி மீள எடுக்கும் நேரம்) பார்த்துக்கொண்டு தரலாம். அந்த இடைவெளி நீண்டால் உயிருக்கே ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு வரக்கூடும். வார்டுக்கு மாறும்போது மறவாமல் நிறுத்தவும் வேண்டும்.

கேள்வி: நான் செவிலியர் பயிற்சி மாணவி. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்தை ஏன் இப்போது விரும்புகிறார்கள்?

பதில்: மூச்சைப் பெரிதும் அடக்காமல், கூப்பிட்டால் கண் திறக்கும் அளவுக்கே உறங்க வைப்பதால். கொந்தளிப்பினாலேயே வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்க முடியாதவர்களிடம் 2016இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மருத்துவர்கள் செய்த சிறிய ஆய்வில், முதல் ஏழு நாட்களில் வென்டிலேட்டர் இல்லாத நேரம் சுமார் 17 மணி நேரம் கூடியது. அதற்காக எல்லோருக்கும் இதுவே சிறந்தது என்று கொள்ளக் கூடாது. 2019இல் ஏறத்தாழ 4,000 பேரிடம் செய்த ஆய்வில் இறப்பு விகிதம் குறையவில்லை, இதயத் துடிப்பு மந்தமாவதும் ரத்த அழுத்தம் தாழ்வதும் மிகுந்தன. நீங்கள் பணியில் இருக்கும்போது துடிப்பு எண்ணிக்கை மீது ஒரு கண் இருக்கட்டும்.

கேள்வி: என் அண்ணன் தினமும் மது அருந்துபவர். விபத்தில் சேர்த்த மூன்றாம் நாள் நடுங்கிக் கத்தினார். அவருக்கு மட்டும் லோராசெபாம் தந்தது ஏன்?

பதில்: லோராசெபாம், பென்சோடயசெபைன் என்ற தூக்க மருந்து வகையைச் சேர்ந்தது. மற்றவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டக்கூடிய அந்த வகை, மது திடீரென நின்றதால் வரும் கொந்தளிப்புக்கு முதல் மருந்தாகிறது; வலிப்பையும் அது தடுக்கிறது. கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி கட்டாயம். நோயாளியைச் சேர்க்கும்போதே எவ்வளவு குடிப்பார், கடைசியாகக் குடித்தது எப்போது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு உறவினர்கள் விட்டுவிடும் அந்த ஒரு தகவலைத்தான் மூன்றாம் நாள் நாங்கள் தேடி அலைகிறோம்.