ஸ்கேனில் குறை இல்லை, குரல் மட்டும் ஏன் கேட்கிறது?

கேள்வி: என் தம்பிக்கு வயது 24. சாப்பிடத் தட்டை எடுத்தாலே, "எடுக்கிறான் பார்" என்று ஒரு குரல் சொல்கிறதாம். மனச்சிதைவு நோய் என்கிறார் மருத்துவர். ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் குறை எதுவும் இல்லை என்று வந்திருக்கிறது. பிறகு இதை மூளை நோய் என்று எப்படி நம்புவது?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கட்டி, ரத்தக்கசிவு, தொற்று போன்றவை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான் பொதுவாக அந்த ஸ்கேனை எடுப்பார்கள், மனச்சிதைவை அதில் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காக மூளையில் மாற்றமே இல்லை என்றும் ஆகிவிடாது. நெடுநாள் நோயாளிகளின் மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் சராசரியாகப் பெரிதாக இருப்பதை 1976இல் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனைக் குழுவினர் சி.டி. ஸ்கேன் வழியே காட்டினர். 'சராசரியாக' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது: தனி ஒருவரின் படத்தை மட்டும் பார்த்து அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட முடியாது, ஒப்பிட இன்னொரு படம் வேண்டும். 1990இல் அமெரிக்காவில், ஒருவருக்கு மட்டும் நோய் வந்திருந்த 15 ஒற்றைக்கரு இரட்டையர் ஜோடிகளின் ஸ்கேன்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, 12 ஜோடிகளில் நோயாளி யார் என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடிந்தது. உங்கள் தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அப்படியொரு படம் இல்லையே!

குரலுக்கு வருவோம். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வருவதில்லை. இது நம் கைதான் என்று மூளை முன்கூட்டியே தனக்குச் சொல்லிக்கொள்வதே காரணம். குரல் கேட்கும் நோயாளிகளிடம் இந்த முன்னறிவிப்பு பலவீனமாக இருப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. மனதுக்குள் ஓடும் சொந்தப் பேச்சுக்கும் அந்த முன்னறிவிப்பு தவறிப்போவதால்தான் அது வேற்றாள் குரலாகக் கேட்கிறது என்பது வலுவான ஒரு விளக்கம். யாரோ தன்னையே கவனிக்கிறார்கள் என்ற சந்தேகமோ, மூளையின் ஆழத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருள் மிகுந்து அற்ப விஷயத்துக்கும் பெரிய அர்த்தம் ஏறிவிடுவதோடு தொடர்புடையது. பெரும்பாலான மருந்துகள் டோபமைனின் வேலையைத் தடுப்பதால், குரலும் சந்தேகமும் பலருக்குக் குறைகின்றன.

குளிக்காமல், யாரோடும் பேசாமல் முடங்கிக் கிடப்பதும் இந்த நோயின் அறிகுறிதான். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியின் செயல்குறைவோடு அதைச் சேர்த்துப் பேசுவார்கள். வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுவோம். மாத்திரைக்கு அது எளிதில் மசியாது என்பதால், தம்பியிடம் அப்படி ஏதும் தெரிந்தால் குரலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராமல், அதையும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.