கேசட்காரர் பதில்கள்

போன இதழில், சினிமாப் படத்தை நண்பனுக்கு அனுப்புவது குற்றமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நாலு வரி எழுதினேன். குற்றம்தான், ஆனால் சினிமா, பாட்டுக் கம்பெனிகள் மேல் ரசிகர்களுக்கு இருக்கும் கோபமும் நியாயம்தான், வெளிநாடுகளில் ரசிகர்கள் எதிர்த்துப் போராடியும் இருக்கிறார்கள் என்று எழுதியது வம்பாகிவிட்டது. கடிதங்கள் குவிந்திருக்கின்றன. அதனால் இந்த மாதம் இது ஒன்றுதான். சமையல் கேஸ் மானியம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே பாட்டைக் காப்பியடித்துப் பிழைத்தவர்தானே? இதில் நியாயம் சொல்ல உங்களுக்கு என்ன யோக்கியதை?
பழைய வாடிக்கையாளர், செல்லூர்

யோக்கியதை இல்லைதான். சிம்மக்கல்லில் பதினாறு வருஷம் ரிக்கார்டிங் கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிட டிடிகே கேசட்டில் பன்னிரண்டு பாட்டு நிற்கும், அடம்பிடித்தால் பதின்மூன்று. கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்தால் மறுநாள் சண்டைக்கு வருவார்கள். பதிந்து முடித்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை ஸ்குரூ டிரைவரால் உடைத்துவிடுவேன். அதற்கு அப்புறம் அதன் மேல் யாரும் தெரியாமல் வேறு எதையும் பதிய முடியாது. திரும்பப் பதிய வேண்டுமா, அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் போதும்.

இத்தனையிலும் பாட்டு எழுதியவருக்கோ இசையமைத்தவருக்கோ என் கடையிலிருந்து ஒரு பைசா போனதில்லை. அது தப்பு என்று நானும் நினைக்கவில்லை, நீங்களும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் செல்லூரிலிருந்து சிம்மக்கல்லுக்கு சைக்கிள் மிதித்து வந்திருப்பீர்களா?

கம்பெனிக்காரர்கள் அப்போதே அலறினார்கள். 1981-ல் இங்கிலாந்தின் இசைக் கம்பெனிகள், வீட்டில் டேப் எடுப்பது இசையைக் கொல்கிறது என்று விளம்பரம் செய்தன. கேசட்டை மண்டை ஓடு மாதிரி வரைந்து, கீழே இரண்டு எலும்பு. அடுத்த வருஷம் அமெரிக்க சினிமாக் கம்பெனிகளின் சங்கத் தலைவர் ஜாக் வேலன்டி, அந்த நாட்டு நாடாளுமன்றக் குழு முன்னால் வீடியோ ரிக்கார்டரை, தனியாக இருக்கும் பெண்ணைக் கழுத்தை நெரித்துக் கொல்பவனோடு ஒப்பிட்டுப் பேசினார். 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், வீட்டில் டிவி நிகழ்ச்சியைப் பதிந்து பிறகு பார்ப்பது தப்பில்லை என்றது. பின்னாளில் அதே கம்பெனிகளுக்குத் தியேட்டரைவிட வீடியோவில்தான் அதிகக் காசு வந்தது. இசையும் சாகவில்லை. செத்தது என் கடைதான், அதுவும் எம்பி3-யால். ஒரே சிடியில் 150 பாட்டு கிடைத்தபோது என் பன்னிரண்டு பாட்டை யார் சீந்துவார்கள்?

வெளிநாடுகளில் ரசிகர்கள் கம்பெனிகளை எதிர்த்துப் போராடினார்கள் என்கிறீர்கள். எல்லாம் இலவசமாக வேண்டும் என்றா போராடினார்கள்? வகுப்பில் பேச வேண்டியிருக்கிறது.
கல்லூரி மாணவி, திருமங்கலம்

இலவசம் கேட்டவர்களும் அதில் இருந்தார்கள், மறைக்க வேண்டாம். ஆனால் கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் வேறு.

1999-ல் நாப்ஸ்டர் என்ற இணையச் சேவை வந்தது. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பாட்டை முகம் தெரியாத ஒருவர் எடுத்துக்கொள்ளலாம், அவருடையதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். கம்பெனிகள் வழக்குப் போட்டு 2001-ல் அதை மூடவைத்தன. மக்கள் வேறு வழிக்குப் போனார்கள். உடனே கம்பெனிகள் மக்கள் மேலேயே வழக்குப் போட்டன. 2003 செப்டம்பரில் முதல் தவணையாக 261 பேர். அதில் ஒருத்தி நியூயார்க்கில் அரசுக் குடியிருப்பில் வசித்த 12 வயதுச் சிறுமி. அவள் அம்மா 2,000 டாலர் கட்டி சமாதானமானார். இதை நிறுத்தப் போவதாக 2008 கடைசியில் கம்பெனிகள் அறிவித்தபோது கணக்கு சுமார் 35,000 பேர். ஒரு பெண்மணிக்கு 24 பாட்டுக்காக 2009-ல் ஜூரிகள் போட்ட தொகை 19 லட்சத்து 20 ஆயிரம் டாலர். பாட்டுக்கு 80,000! கடையில் அதே பாட்டு ஒரு டாலர். பிறகு அது 2,22,000 என்று குறைந்தது. குறைந்தும் அவ்வளவு.

வகுப்பில் நேரம் குறைவு என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு 2005-ஐ மட்டும் சொல்லுங்கள். சோனி பிஎம்ஜி என்ற பாட்டுக் கம்பெனி அந்த வருஷம் விற்ற சில சிடிகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், காப்பி எடுப்பதைத் தடுக்கும் ஒரு மென்பொருள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். ஒளிவது என்றால் சாதாரணமாக இல்லை. '$sys$' என்று பெயர் தொடங்கும் எந்தக் கோப்பும் கண்ணுக்கே தெரியாமல் போகும். வைரஸ்காரர்கள் விடுவார்களா, தங்கள் சரக்குக்கும் அதே மாதிரி பெயர் வைத்து உள்ளே அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் நிபுணர் மார்க் ருசினோவிச் இதைக் கண்டுபிடித்து அக்டோபர் 31 அன்று எழுதினார். அதை நீக்க கம்பெனி கொடுத்த மருந்தே இன்னொரு ஓட்டையைத் திறந்தது. வாங்காதே என்ற குரல் எழுந்தது, டெக்சாஸ் மாநில அரசு வழக்குப் போட்டது, கம்பெனி லட்சக்கணக்கில் சிடிகளைத் திரும்பப் பெற்றது.

கவனியுங்கள். அந்தப் பாட்டைச் சும்மா இறக்கியவனின் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்குப் போய்க் காசு கொடுத்தவனுடையதுதான் கெட்டது. நான் ஒரிஜினல் டிவிடி வாங்கும் ஆள். போட்டதும் 'திருடாதே' என்று ஒரு பாடம் ஓடும், ரிமோட்டை எப்படி அமுக்கினாலும் தாண்டாது. திருட்டு டிவிடிக்காரன் அதை வெட்டிவிட்டுத்தான் விற்கிறான். காசு கொடுத்தவனைக் கள்ளனாகப் பார்க்காதே என்பதுதான் அந்தப் போராட்டம். அது ஓரளவு ஜெயிக்கவும் செய்தது: 2009-ல் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் இணையக் கடையில் விற்ற பாட்டுகளுக்குப் போட்டிருந்த காப்பித் தடைப் பூட்டை எடுத்தது.

நம் நாட்டில் அப்படி ஏதாவது நடந்ததா?
வாசகர், மேலூர்

2012-ல் நடந்தது. '3' படம் இணையத்தில் வராமலிருக்க அதன் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். எதிராளி யாரென்றே தெரியாது. அப்படி முகம் தெரியாதவருக்கு நம் கோர்ட்டில் 'அசோக் குமார்' என்று பெயர் வைப்பார்கள். (நிஜமான அசோக் குமார்கள் பாவம்.) இன்டர்நெட் கம்பெனிகள் அந்தப் படம் இருந்த பக்கங்களை மட்டும் மூடாமல், விமியோ மாதிரி வீடியோ தளங்களையே மொத்தமாக மூடிவிட்டன. என் அக்கா மகன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். சிங்கப்பூரிலிருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்காக ஒரு வீடியோவை விமியோவில் ஏற்றி வைத்திருந்தான். சிங்கப்பூரில் தெரிந்தது, வில்லாபுரத்தில் அவனுக்கே திறக்கவில்லை. "நான் எடுத்த வீடியோ மாமா, இதை நான் எங்க போய்த் திருடினேன்?" என்றான்.

இப்படி மூடுவதை எதிர்த்து ஜூன் 9-ம் தேதி மும்பை முதலான ஊர்களில் இளைஞர்கள் முகமூடி போட்டுத் தெருவில் நின்றார்கள். அந்த மாதக் கடைசியில் நீதிமன்றமே, குறிப்பிட்ட பக்கங்களை மூடினால் போதும், தளம் முழுவதையும் அல்ல என்று தெளிவுபடுத்தியது.

நான் டெலிகிராமில் புதுப்படம் பார்ப்பதும் ஒரு போராட்டம்தானே அண்ணே?
வில்லாபுரம் வாசகர்

இல்லை தம்பி. அது படம் பார்ப்பது.

கோபம் இருந்தால் அந்தக் கம்பெனியின் படத்தை எங்கேயும் பார்க்காமல் இருந்து காட்டுங்கள். பத்து ரூபாய் பாப்கார்னை இருநூறுக்கு விற்கிறார்கள் என்றால் பாப்கார்ன் வாங்காதீர்கள். அப்புறம், பார்ப்பதோடு நிற்காமல் குரூப்பில் ஏற்றிவிடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை இருக்கிறது. திருட்டு வீடியோ தொழில் செய்பவர்களை 2004-லேயே நம் மாநிலம் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது.

பேரன் போனில் காசு கட்டி 'வாங்கிய' படம் இப்போது அதில் இல்லை. கேட்டால் உரிமம் முடிந்துவிட்டது என்கிறார்களாம். நீங்கள் 1987-ல் எனக்குப் பதிந்து கொடுத்த கேசட் இன்றும் பாடுகிறது. இது என்ன கூத்து?
ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநகர்

டீச்சர், வணக்கம். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன்.

2009-ல் அமேசான், கிண்டில் என்ற தன் மின்புத்தகக் கருவியில் விற்ற ஜார்ஜ் ஆர்வெல் புத்தகங்களை, வாங்கியவர்களின் கருவிக்குள் நுழைந்து அழித்தது. அவற்றை அமேசானில் ஏற்றி விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், தலைவரே மன்னிப்பும் கேட்டார். இருந்தாலும் விற்ற பாத்திரத்தை ராத்திரியில் வந்து எடுத்துப்போகிற பாத்திரக்கடை உண்டா? 'வாங்கு' என்று பொத்தானில் போட்டுவிட்டு, பார்க்கும் அனுமதியை மட்டும்தான் விற்கிறார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், அது அனுமதிதான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

காசு கட்டிய ரசீது, 'வாங்கியவை' பட்டியல், இப்போது வரும் பதில் மூன்றையும் பேரனை ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், கம்பெனி மும்பையில் இருந்தாலும். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. எனக்கும் இதே மாதிரி ஒன்று 149 ரூபாய்க்குப் போனது. மூன்று மெயில் போட்டபிறகு ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது.

கேசட்டை வெயிலில் வைக்காதீர்கள். டேப் ரிக்கார்டர் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அப்படியே கேசட்டின் முதுகைத் திருப்பி, அந்த இரண்டு துண்டையும் நான் உடைத்திருக்கிறேனா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே உடைத்துவிடுங்கள். பேரன் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடப் போகிறான்.